ஓரிரு அணு தடிமனுள்ள பொருளில் ஒளியும் வெப்பமும்: இந்தத் தலைப்பில் பிஎச்.டி. சேரலாமா?

வத்ராப்_வாசி

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் எம்.எஸ்சி. இயற்பியல் முடிச்சேன். ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைச்சிருக்கு. ரெண்டு இடத்துல இன்டர்வியூ போனதுல ஒரு இடத்துல சேரச் சொல்லிட்டாங்க, பதினஞ்சு நாளைக்குள்ள பதில் சொல்லணும். கைடு சொன்ன தலைப்பு "இருபரிமாண நானோபொருட்களில் ஒளி–வெப்ப இடைவினைகள்".

எங்க காலேஜ்ல பிராஜெக்ட் பண்ணினது ஜிங்க் ஆக்சைடு நானோ துகள். சால்–ஜெல் முறையில செஞ்சு, எக்ஸ்.ஆர்.டி. எடுக்க மதுரைக்கு அனுப்பி, யு.வி. ஸ்பெக்ட்ரத்துல டவுக் பிளாட் போட்டு பேண்ட் கேப் கண்டுபிடிச்சோம். லேசர்னா கிரேட்டிங் பரிசோதனைக்கு வச்சிருந்த ஹீலியம்–நியான் ஒண்ணுதான் தொட்டிருக்கேன்.

மூணு சந்தேகம். இந்தத் தலைப்புல ஒருத்தர் தினமும் காலையில லேபுக்குப் போய் உண்மையில என்ன செய்வாங்க? ஒரே அணு தடிமனுள்ள கார்பன் படலமான கிராஃபீனைப் பிரிச்செடுத்தது 2004ல, நோபல் கொடுத்தது 2010ல. இன்னும் செய்றதுக்கு மிச்சம் இருக்கா? மூணாவது எங்க அம்மா கேட்டது: "வெயில்ல வச்சா எதுவும் சூடாகத்தான் செய்யும், அதுல அஞ்சு வருஷம் என்னத்தைப் பாக்கப் போற?" எனக்குப் பதில் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

தாமிரபரணி

வாழ்த்துகள் தங்கச்சி. பண விஷயம் மட்டும் நான் சொல்லிடறேன், மத்ததை அந்தத் துறைக்காரங்க சொல்லட்டும். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு அடுத்த படியான எஸ்.ஆர்.எஃப். ஆனா 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஆனா பணம் மாசாமாசம் வராது, சில சமயம் நாலஞ்சு மாசம் சேர்ந்து வரும். முதல் ஆறு மாசத்துக்குக் கையில கொஞ்சம் வச்சுக்கிட்டுப் போங்க.

---

குமரிக்கடல்

அம்மா கேட்டது சரியான கேள்வி. அங்கேயிருந்தே வரேன்.

அடுப்பில தோசைக்கல் வைக்கிறோம். தீ நடுவுலதான் எரியுது. நடுவுல மாவு முறுகிடும், ஓரத்துல வேகாம நிக்கும். கனமான இரும்புக்கல் சூட்டைப் பரப்புற மாதிரி லேசான கல் பரப்பாது. இப்போ நடுவுக்கும் ஓரத்துக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்னு தெரிஞ்சு, அடுப்புலேருந்து கல்லுக்குள்ள எவ்வளவு சூடு போகுதுன்னும் தெரிஞ்சா, அந்தக் கல்லோட வெப்பக் கடத்துதிறனைக் கணக்குப் போட்டுடலாம். நான் ஆறு வருஷம் செஞ்சது இதுதான். என்னோட கல், மாலிப்டினம் டைசல்ஃபைடு ஒற்றை அடுக்கு. மூணு அணு வரிசை, தடிமன் 0.65 நானோமீட்டர், 5 மைக்ரான் அகலத் துளைமேல விரிச்சு நிக்கும். அடுப்பு, 532 நானோமீட்டர் பச்சை லேசர். தெர்மாமீட்டர், ராமன் ஸ்பெக்ட்ரம், அதாவது பொருள்மேல பட்டுச் சிதறி வர்ற ஒளியோட அலைநீளம் எவ்வளவு மாறியிருக்குன்னு காட்டற வரைபடம்.

உங்க பேரைப் பார்த்தா வத்திராயிருப்பு மாதிரி தெரியுது. 1928ல கல்கத்தாவுல ராமனோட உட்கார்ந்து அந்தச் சிதறலைப் பார்த்த கே. எஸ். கிருஷ்ணன் உங்க ஊர்க்காரர். அதே சிதறல்தான் நமக்கு வெப்பமானி. மாலிப்டினம் டைசல்ஃபைடுல ரெண்டு பீக் வரும், 385 வேவ்நம்பர் (அந்த மாற்றத்தை அளக்கற அலகு) பக்கம் ஒண்ணு, 404 பக்கம் ஒண்ணு. ரெண்டுக்கும் இடைவெளி 19ஐ ஒட்டி இருந்தா ஒற்றை அடுக்கு, 25 வந்துட்டா அது கனமான கட்டி. சூடு ஏற ஏற ரெண்டு பீக்கும் கீழே நகரும், ஒரு டிகிரிக்கு நூறில் ஒரு பங்கு வேவ்நம்பர் அளவுக்கு. அதாவது ஒரு வேவ்நம்பர் நகர்ந்தா கிட்டத்தட்ட 80, 90 டிகிரி ஏறியிருக்கு.

எவ்வளவு லேசருக்கு அந்த 90 டிகிரின்னு பாருங்க. படலத்து மேல 100 மைக்ரோவாட் விழுதுன்னு வைங்க. அதுல 5, 6 சதவீதத்தைத்தான் இந்தப் படலம் உறிஞ்சும். மீதி அப்படியே கடந்து போயிடும். அந்த 5, 6 மைக்ரோவாட்டே துளை நடுவுல 90 டிகிரி ஏத்திடுது. படலம் அவ்வளவு மெல்லிசு, சூடு ஓரத்துக்கு ஓடிப்போக வழி அவ்வளவு குறுகல். கிராஃபீன்ல இதே அளவு உறிஞ்சினா ரெண்டு டிகிரிதான் ஏறும். அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க: வெயில்ல வச்சா சூடாகும்ங்கறது சரி, ஆனா எவ்வளவு சூடாகும், அந்தச் சூடு எந்த வழியா எவ்வளவு வேகமா வெளியேறும்ங்கறது பொருளுக்குப் பொருள், அடுக்குக்கு அடுக்கு மாறுது. அது தெரியாம இந்தப் படலத்தை வச்சு ஒரு டிரான்சிஸ்டரோ ஒளி உணர்வியோ செஞ்சா கருகிடும்.

இந்தத் துறையில எதை முதல்ல கத்துக்கணும்னு என்கிட்ட யார் கேட்டாலும் ஒண்ணுதான் சொல்வேன். பொருளுக்குள்ள எவ்வளவு ஒளி போச்சுங்கறதை நீங்களே அளக்கணும். வெப்பநிலையை ராமன் சொல்லிடும். கணக்கை கம்ப்யூட்டர் போட்டுடும். உறிஞ்சப்பட்ட திறனை மட்டும் யாரும் சொல்லமாட்டாங்க, அதுல பிழை இருந்தா விடையில அதே அளவு பிழை அப்படியே வந்து உட்காரும்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். ரெண்டாவது வருஷம். ஒற்றை அடுக்கோட வெப்பக் கடத்துதிறன் 58 வாட்னு வந்துச்சு (மீட்டருக்கு, கெல்வினுக்கு). 2013ல சில அடுக்கு கொண்ட மாலிப்டினம் டைசல்ஃபைடுக்கு 52னு ஒரு கட்டுரை வந்திருந்தது. என்னோடது பக்கத்துல இருக்கேன்னு எனக்கு நிம்மதி, என் கைடுக்கும் நிம்மதி. எட்டு மாசம், பதினோரு சாம்பிள், எல்லாம் 55லேருந்து 60க்குள்ள. கட்டுரை எழுதியாச்சு. அப்போ புதுசா சேர்ந்த ஒரு ஜே.ஆர்.எஃப். பையன், வந்து ரெண்டு வாரம்கூட ஆகல, என் பக்கத்துல நின்னு பார்த்துட்டு, "அக்கா, பவரை எந்த இடத்துல வச்சு அளக்கறீங்க?"ன்னு கேட்டான். மைக்ராஸ்கோப்புக்குள்ள லேசர் நுழையற வாசல்லதான் அளந்துக்கிட்டு இருந்தேன். எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அங்கேதான் அளந்திருந்தாங்க, நோட்டுல அப்படித்தான் எழுதியிருந்தது. உள்ளே கண்ணாடிகள், பீம் ஸ்ப்ளிட்டர், கடைசியா அப்ஜெக்டிவ் லென்ஸ் இருக்கு. அன்னிக்கு சாயங்காலம் பவர் மீட்டரை லென்ஸுக்கு அடியில சாம்பிள் நிக்கிற இடத்துலயே வச்சுப் பார்த்தோம். வாசல்ல 100ன்னா இங்கே 60தான் வந்து சேர்ந்தது.

58ஐ 0.6ஆல பெருக்கிப் பாருங்க, 35 கிட்ட வரும். 2014ல தொங்கவிட்ட ஒற்றை அடுக்குக்கு 34.5னு இன்னொரு குழு வெளியிட்டிருந்தது. அந்தக் கட்டுரை என் மேஜையிலேயே கிடந்தது. "அவங்க சாம்பிள்ல குறை அதிகம் போல"ன்னு நானே ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருந்தேன்.

பதினோரு சாம்பிள்ல நாலு உடைஞ்சு போயிருந்தது. மீதி ஏழையும் திரும்ப அளந்தேன். அந்த மூணு மாசத்துல கத்துக்கிட்டது முதல் ரெண்டு வருஷத்துல கத்துக்கிட்டதைவிட அதிகம்.

இது என் ஒருத்திக்கு நடந்த கதை மட்டும் இல்ல. கிராஃபீன் வரலாற்றிலேயே இருக்கு. 2008ல கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் முதல்முதலா இந்த ராமன் முறையில கிராஃபீனை அளந்தப்போ 5000ஐ ஒட்டி வந்தது. செம்பு வெறும் 400தான், அதனால உலகமே திரும்பிப் பார்த்துச்சு. 2010ல இன்னொரு குழு, உறிஞ்சல் 2.3 சதவீதம்தான்னு எடுத்துக்கிட்டு அளந்தாங்க. 600 சொச்சம் வந்தது. அதே 2010ல டெக்சாஸின் ஆஸ்டினில் அடிப்பகுதி திறந்த துளைமேல கிராஃபீனை விரிச்சு, கீழே பவர் மீட்டரை வச்சு எவ்வளவு ஒளி கடந்து வருதுன்னு நேரடியா அளந்தாங்க. அறை வெப்பநிலையைவிடக் கொஞ்சம் மேல 2500ஐ ஒட்டி வந்தது. பொருள் ஒண்ணு, முறை ஒண்ணு, எண் மட்டும் 600, 2500, 5000. சாம்பிளோட தரமும் காரணம்தான், ஆனா பெரிய பங்கு உறிஞ்சலை என்னன்னு எடுத்துக்கிட்டோம்ங்கறதுல இருக்கு. இந்தக் கட்டுரைகளைச் சேர்ந்ததும் முதல் மாசமே அடுத்தடுத்து வச்சுப் படிங்க.

தினமும் என்ன செய்வாங்கன்னு கேட்டீங்க. காலையில டேப். ஆமா, அலுவலக டேப்தான். படிகத்தை அதுல ஒட்டி மடிச்சு மடிச்சு உரிச்சு, சிலிக்கான் மேல அழுத்தி எடுப்போம். 300 நானோமீட்டர் ஆக்சைடு பூசின சிலிக்கான் ஊதா நிறமா இருக்கும், அதுல ஒற்றை அடுக்கு மங்கலான நிழல் மாதிரி தெரியும். மைக்ராஸ்கோப்புல அதைத் தேடியே மத்தியானம் ஆயிடும். கிடைச்சா துளைமேல மாத்தணும், பத்துல நாலு கிழியும். அப்புறம் ஹாட் ஸ்டேஜ்ல வச்சு டிகிரி டிகிரியா ஏத்தி பீக் எவ்வளவு நகருதுன்னு அளவுகோல் போடணும். ராத்திரி அளவீடு. ஏ.சி. ஏறி இறங்கினாலே ஸ்பெக்ட்ரோமீட்டர் நகரும், நாம தேடறதோ அரை வேவ்நம்பர் நகர்வு. அதனால ஒவ்வொரு அளவுக்கும் முன்னாலயும் பின்னாலயும் சிலிக்கான் பீக் 520.7ல நிக்குதான்னு பார்ப்பேன். இப்பவும் அந்தப் பழக்கம் போகல.

காற்றுல அளக்காதீங்க, வெற்றிடத்துல அளங்க. காற்றும் கொஞ்சம் சூட்டைத் தூக்கிட்டுப் போகும், அதைவிட முக்கியம், பவர் கூடினா மாலிப்டினம் டைசல்ஃபைடு காற்றுல ஆக்சிஜனோட சேர்ந்து எரிஞ்சு நடுவுல ஓட்டை விழுந்துடும். நான் இழந்த நாலு சாம்பிள்ல ரெண்டு அப்படிப் போனது.

---

அலைக்கோவை

குமரிக்கடல் அவர்கள் சொன்னது சோதனைக்காரரின் பக்கம். நான் கோட்பாட்டுக் கணிப்பு செய்பவன். ஒன்றைச் சேர்க்கிறேன், ஒன்றில் மாறுபடுகிறேன்.

சேர்ப்பது: ஒளி "வெப்பமாகிறது" என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம், அதற்குள் பல படிகள் இருக்கின்றன. கிராஃபீனில் ஒரு ஃபோட்டான் விழுந்ததும் ஆற்றல் முதலில் எலக்ட்ரானுக்குப் போகிறது. நூறு ஃபெம்டோவினாடிக்குள் எலக்ட்ரான்கள் அதைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தக் கணத்தில், வலிமையான லேசர் துடிப்பு என்றால், எலக்ட்ரான்களின் வெப்பநிலை ஆயிரக்கணக்கான கெல்வின், அணுக்களோ ஏறக்குறைய அறை வெப்பநிலையில். பிறகு 0.2 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஒளியியல் ஃபோனான்களுக்கு (ஃபோனான் என்பது அணுக்கள் கூட்டாக அதிரும் அதிர்வின் ஓர் அலகு) ஆற்றல் கைமாறுகிறது, அவற்றிடமிருந்து சில பிக்கோவினாடிகளில் ஒலியியல் ஃபோனான்களுக்கு. நாம் தொட்டுணரும் சூடு கடைசிப் படியில்தான் வருகிறது. எலக்ட்ரான் மட்டும் சூடாக இருக்கும் அந்த இடைவெளியில் வெப்பமின் விளைவால் மின்னழுத்தம் பிறக்கிறது, கிராஃபீன் ஒளி உணர்விகள் வேகமாக இயங்குவதற்கு அதுவே ஒரு முக்கியக் காரணம். உங்கள் கைடின் ஆய்வகத்தில் ஃபெம்டோவினாடி லேசர் இருந்தால், உங்கள் தலைப்பு இந்தப் பக்கம் இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

மாறுபடுவது: "வெப்பநிலையை ராமன் சொல்லிடும்" என்பதை நான் அவ்வளவு எளிதாக ஏற்கமாட்டேன். ராமன் காட்டுவது, ஒளியோடு பேசும் ஃபோனான்களின் நிலையை. கிராஃபீனில் வெப்பத்தைப் பெருமளவு சுமப்பவை படலத்துக்குச் செங்குத்தாக வளைந்தாடும் ஃபோனான்கள். அவை மற்றவற்றோடு மெதுவாகத்தான் ஆற்றலைப் பகிர்கின்றன. லேசர் புள்ளிக்குள் ஒரு ஃபோனான் கூட்டம் சூடாகவும் இன்னொன்று குளிர்ந்தும் இருக்கிறது. அப்படியிருக்க, "படலத்தின் வெப்பநிலை" என்று எதைச் சொல்வது? கிராஃபீன் உறிஞ்சும் ஒளி 2.3 சதவீதம் என்ற எண் எவ்வளவு தூய்மையானது பாருங்கள்: π (பை) என்ற எண்ணை 137ஆல் வகுத்தால் கிடைப்பது அது, இயற்கையின் ஒரு மாறிலி மான்செஸ்டரில் 2008இல் கண்ணுக்குத் தெரிந்தது. அதே படலத்தின் வெப்பநிலையைச் சொல்வதற்கு அப்படி ஓர் எளிய எண் இல்லை. என்னை இந்தத் துறையில் கட்டிப்போட்டது இந்த இடம்தான்.

---

குமரிக்கடல்

ஏத்துக்கிறேன் சார். ஒற்றை வெப்பநிலைன்னு வச்சு நான் சொன்னது கிராஃபீனுக்குப் பொருந்தாது. மாலிப்டினம் டைசல்ஃபைடுலயும் வித்தியாசம் சின்னதா இருக்கும்னு நாங்க எடுத்துக்கிட்டோம், அதைச் சோதிச்சுப் பார்க்கல. தீசிஸ் வைவாவுல இதையே கேட்டாங்க. இழுவிசையும் பீக்கை நகர்த்தும், மின்னேற்றமும் 404 பீக்கை நகர்த்தும். நகர்ந்தது எல்லாம் சூட்டாலன்னு எழுதிடக் கூடாது.

தங்கச்சியோட ரெண்டாவது கேள்விக்கு, மிச்சம் இருக்கான்னு கேட்டதுக்கு, இதுவே பதில். இன்னும் ரெண்டு சொல்றேன். படலத்தை ஆக்சைடு மேல வச்சா, ரெண்டும் தொடற அந்த எல்லையே சூட்டைத் தடுக்குது. மாலிப்டினம் டைசல்ஃபைடுக்கும் சிலிக்கான் ஆக்சைடுக்கும் நடுவுல இருக்கற தடை, 90 நானோமீட்டர் கண்ணாடி தடுக்கற அளவு. படலமே 0.65 நானோமீட்டர்தான்! நாளைக்கு இதுல சிப் செய்யறவங்க முதல்ல முட்டி நிக்கப்போறது இங்கேதான்.

இன்னொண்ணு 2021ல வந்தது, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. மாலிப்டினம் டைசல்ஃபைடு ஒற்றை அடுக்குகளை ஒண்ணு மேல ஒண்ணு, ஒவ்வொண்ணும் வேற கோணத்துல திரும்பியிருக்கற மாதிரி அடுக்கினாங்க. படலத்தோட போற திசையில சூடு நல்லா ஓடுது. மேலிருந்து கீழே கடத்துதிறன் 0.057தான். காற்றைவிட ரெண்டு மடங்கு, அவ்வளவே. திடப்பொருள் இது! ரெண்டு திசைக்கும் கிட்டத்தட்ட 900 மடங்கு வித்தியாசம். அடுக்கற கோணத்தை மாத்தியே சூடு போற வழியைத் தீர்மானிக்க முடியுது. லேசரை அது மேல போட்டா, எலக்ட்ரான், எக்சிடான் (எலக்ட்ரானும் அது விட்டுட்டு வந்த காலியிடமும் சேர்ந்த ஜோடி), ஃபோனான் எல்லாம் அந்த அடுக்குகளுக்கு நடுவுல என்ன செய்யும்னு பார்க்க நிறைய வேலை கிடக்கு. நான் இப்போ சேர்ந்தா அதைத்தான் எடுப்பேன்.

---

வத்ராப்_வாசி

அக்கா, சார், ரெண்டு பேருக்கும் நன்றி. மூணு தடவை படிச்சேன். வத்திராயிருப்புதான், கிருஷ்ணன் பேரை எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுல கேட்டிருக்கேன், ஆனா அவர் பார்த்ததை வச்சு நான் சூட்டை அளக்கலாம்னு யாரும் சொன்னதில்ல. அம்மாகிட்ட தோசைக்கல்லை வச்சே சொன்னேன். "அப்போ ஓரத்துல சூடு எங்க போகுது?"ன்னு கேட்டாங்க. துளையைச் சுத்தி இருக்கற சிலிக்கானுக்குப் போகும்னு சொன்னேன், சரியா?

வியாழக்கிழமை லேபைப் பார்க்க வரச் சொல்லியிருக்காங்க. என்ன கேட்கணும்?

---

குமரிக்கடல்

சரிதான். அம்மா அடுத்ததா "அது போற வழியில தடை இருக்காதா?"ன்னு கேட்டா, மேல எழுதின 90 நானோமீட்டர் கதையைச் சொல்லுங்க.

கைடுகிட்ட கேட்க வேண்டியது: படிகம் எங்கேயிருந்து வருது, உரிக்கிறதா, சி.வி.டி.யில (வாயுவிலிருந்து படிய வச்சு) வளர்க்கிறதா? வெற்றிட ஸ்டேஜ் உங்க லேபுக்கே சொந்தமா, இல்ல பொதுக் கருவிக் கூடத்துல வரிசையில நிக்கணுமா? பொதுக் கூடம்னா வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்? வெப்பக் கணக்குப் போடற காம்சால் மென்பொருளுக்கு உரிமம் இருக்கா, இல்ல பைத்தான்ல நீங்களே எழுதணுமா? எழுதத் தெரியலைன்னா பயப்பட வேண்டாம், வட்டப் படலத்துல வெப்பம் பரவற சமன்பாடு உங்க எம்.எஸ்சி. கணித இயற்பியல் பாடத்துலயே இருக்கு. முக்கியமா, இப்போ நாலாவது, அஞ்சாவது வருஷம் இருக்கற மாணவர்கள்கிட்ட கைடு இல்லாதப்போ தனியா பேசுங்க. தப்பான முடிவு வந்தா அந்த லேபில் என்ன நடக்கும்னு கேளுங்க. என் 58 தப்புன்னு தெரிஞ்ச அன்னிக்கு என் கைடு கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கிட்டு, "முதல்லேருந்து அளப்போம்"னு மட்டும் சொன்னார். எல்லா இடத்துலயும் அப்படி இருக்காது.

---

வத்ராப்_வாசி

போயிட்டு வந்தேன். படிகம் வாங்கி உரிக்கறாங்க. வெற்றிட ஸ்டேஜ் சொந்தமா இருக்கு. ஃபெம்டோவினாடி லேசர் பக்கத்து லேபில், 800 நானோமீட்டர், வாரத்துல ரெண்டு நாள் கொடுப்பாங்க. அஞ்சாவது வருஷ அக்கா ஒருத்தங்க ஒற்றை அடுக்கை மைக்ராஸ்கோப்புல காட்டினாங்க. முதல்ல எனக்குத் தெரியவே இல்ல, விளக்கைக் கொஞ்சம் குறைச்சதும் ஊதாமேல ஒரு முக்கோண நிழல் தெரிஞ்சுது. பவரை எந்த இடத்துல அளக்கறீங்கன்னு கேட்டேன். லென்ஸுக்கு அடியிலதானாம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் அளந்து நோட்டுல எழுதறாங்க, நோட்டையும் காட்டினாங்க. சேர்றேன்னு சொல்லிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். லேசர் கண்ணாடி நானே வாங்கிட்டுப் போகணுமா?

---

குமரிக்கடல்

ரொம்ப சந்தோஷம் மா. கண்ணாடி லேபில் கொடுப்பாங்க, கொடுக்கணும். ஆனா எடுத்து மாட்டறதுக்கு முன்னாடி ஓரத்துல அச்சடிச்சிருக்கற அலைநீளத்தைப் படிங்க. 532க்குப் போடற ஆரஞ்சுக் கண்ணாடி 800ஐத் தடுக்காது. 800 கண்ணுக்குச் சரியாத் தெரியவும் தெரியாது, மங்கின சிவப்புப் புள்ளி மாதிரி இருக்கும், ஆனா மேஜைமேல ஓடற பவர் ரொம்ப அதிகமா இருக்கும். பக்கத்து லேபுக்குப் போற அந்த ரெண்டு நாளும் அங்கே இருக்கற கண்ணாடியையே மாட்டுங்க. வாட்ச், மோதிரம், வளையல் எல்லாம் கழட்டி வச்சுட்டுப் போங்க. பீம் ஓடற உயரத்துக்குத் தலையைக் குனியாதீங்க, கீழே ஸ்க்ரூ விழுந்தாலும் சரி, முதல்ல ஷட்டரை மூடிட்டு எடுங்க.